‘நினைவு போய்விட்டது’ என்றால் எந்த நினைவு? பிரெண்டா மில்னரின் ஆய்வு வழியே ஓர் எளிய விளக்கம்

தலையில் அடிபட்ட ஒருவர் தன் பெயரையும் மனைவியையும் ஊரையும் மறந்துவிடுகிறார். ஆனால் புதிய ஊரில் புதிய மனிதர்களுடன் எந்தச் சிக்கலுமின்றிப் பழகி, வேலைக்குச் சென்று, காதலிக்கவும் தொடங்குகிறார். கடைசியில் மறுபடியும் தலையில் அடிபட, போன நினைவெல்லாம் ஒரே நொடியில் திரும்பிவிடுகிறது. நம் திரைப்படங்கள் பல தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்த நினைவிழப்பு இதுதான். மூளைக் காயத்தால் ஏற்படும் உண்மையான நினைவிழப்பு பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. பெயர் தெரியும், ஊர் தெரியும், பள்ளிக்கூட நண்பர்களைத் தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்னால் யாருடன் பேசினோம் என்பது மட்டும் தெரியாது.

இந்தக் குழப்பத்துக்கு வேராக இருப்பது, நினைவு என்பது ஒரே ஆற்றல், அது ஒருவரிடம் கூடவோ குறையவோ செய்யும் என்ற எண்ணம். ‘ஞாபக சக்தி’ என்று நாம் பேசும் முறையும், அதை வளர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளும், ‘மூளையின் நினைவுக் கிடங்கு ஹிப்போகாம்பஸ்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் காணொளிகளும் இந்த எண்ணத்தையே வலுப்படுத்துகின்றன. நினைவு ஒன்றல்ல, பல. அவை மூளையின் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பதை அறிவியல் ஒப்புக்கொள்ளும்படி செய்தவர்களில் முதன்மையானவர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர் பிரெண்டா மில்னர். அவர் அறுவைக் கத்தியைத் தொட்டதில்லை. காகிதம், பென்சில், படங்கள், ஒரு கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு, நோயாளியின் எதிரே பொறுமையாக உட்கார்ந்து அவர் கண்டறிந்தவற்றைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கோலத்துக்குள் நான்கு நினைவுகள்

மார்கழி மாதத்தில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர், “15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்தணும்” என்று சொல்கிறார். புள்ளி வைத்து முடிக்கும்வரை அந்த எண்களை அவர் மனத்தில் பிடித்து வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அவை தேவையில்லை. இப்படிச் சில நொடிகளோ, மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் சற்றுக் கூடுதலாகவோ, ஒரு செய்தியைப் பிடித்து வைத்திருக்கும் திறனைத் தற்காலிக நினைவு என்போம்.

‘ஊடுபுள்ளி’ என்றால் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளியை வைப்பது என்பது அவருக்குத் தெரியும். அதை எந்த நாளில், யாரிடம் கற்றார் என்பது மறந்திருக்கலாம். பொருள் மட்டும் நிற்கிறது. சொற்களின் பொருளும் உலகத்தைப் பற்றிய பொது அறிவும் சேர்ந்த இதனை அறிவு நினைவு என்று அழைக்கலாம். நேற்று வாசலில் போட்டது தாமரைக் கோலமா, தேர்க் கோலமா, போடும்போது யார் கடந்து போனார்கள் என்று நினைத்துப் பார்ப்பது வேறொன்று. இடமும் காலமும் தானும் கலந்த அந்த நினைவுக்கு நிகழ்வு நினைவு என்று பெயர். நான்காவது, விரலிடுக்கில் மாவு ஒரே சீராக இறங்க, புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கையின் பழக்கம். அதை அவரால் சொற்களில் விளக்க முடியாது; செய்துதான் காட்ட முடியும். இது செயல்திறன் நினைவு.

நடைமுறையில் இந்த நான்கும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால் நமக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இவற்றில் ஒன்று மட்டும் அறுந்து மற்றவை அப்படியே இருக்கும் ஒருவரைப் பார்க்கும்போதுதான், அவை தனித்தனி என்பது விளங்கும். மில்னருக்கு அப்படிப்பட்ட ஒருவரைப் பல ஆண்டுகள் ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாய்ப்பு வருவதற்கு முன்பே அதற்கான கேள்விகளை அவர் தயாராக வைத்திருந்தார் என்பதும் முக்கியம்.

கணிதத்தில் தொடங்கிய பயணம்

பிரெண்டா மில்னர் 1918 ஜூலை 15 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை இசை விமர்சகர். மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். 1936-இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்த மில்னர், தன்னால் அத்துறையில் பெரிதாக எதுவும் செய்ய இயலாது என்று முடிவுசெய்து உளவியலுக்கு மாறினார். அங்கே அவருக்கு வழிகாட்டிய ஆலிவர் சாங்வில், இயல்பான மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய, காயம்பட்ட மூளை எதைச் செய்யத் தவறுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற அணுகுமுறையில் ஊறியவர். மூளையின் பகுதிகளுக்கும் மனிதரின் நடத்தை, சிந்தனை, நினைவு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை இப்படி ஆராயும் துறையே நரம்பியல் உளவியல். அந்தப் பெயர் பரவலாவதற்கு முன்பே மில்னர் அந்த வேலையின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

1939-இல் பட்டம் பெற்றார், போரும் வந்தது. விமானிகளுள் யார் போர் விமானத்துக்கு ஏற்றவர், யார் குண்டுவீச்சு விமானத்துக்கு ஏற்றவர் என்று பிரித்தறியும் தேர்வுகளை வகுக்கும் பணியிலும், பின்னர் ரேடார் தொடர்பான ஆய்விலும் அவர் ஈடுபட்டார். ரேடார் பணியில் சந்தித்த மின்பொறியாளர் பீட்டர் மில்னரை 1944-இல் மணந்துகொண்டு, கணவரின் அணு ஆராய்ச்சிப் பணிக்காக இருவரும் மாண்ட்ரியலுக்குக் கப்பலேறினர். (பீட்டர் மில்னரும் பிற்காலத்தில் உளவியலுக்கு மாறி, இன்பம் தந்த செயலை மீண்டும் செய்யத் தூண்டும், மூளையின் வெகுமதி அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரானார், ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு கண்டுபிடிப்புகள் அமைவது அரிது.)

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியில் உளவியல் கற்பித்துவந்த மில்னர், மெக்கில்லில் உளவியல் அறிஞர் டொனால்டு ஹெப் நடத்திய கருத்தரங்குகளில் கலந்துகொண்டு, அவரிடமே ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். அதே நகரின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில், வலிப்பு நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்டு, தம் நோயாளிகளை ஆராய ஹெப்பின் மாணவர் ஒருவருக்கு அனுமதி தந்தார். 1950-இல் அங்கே போனவர் மில்னர். முனைவர் பட்டம் 1952-இல் கிடைத்தது.

நோயாளியின் புகாரைக் காதுகொடுத்துக் கேட்டவர்

மூளையில் வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறிந்து அந்தத் திசுவை அகற்றினால் வலிப்பு நிற்கும் என்பதே பென்ஃபீல்டின் சிகிச்சை முறை. காதுக்கு உட்புறமாக, தலையின் இரு பக்கமும் அமைந்துள்ள மூளைப்பகுதி பொட்டு மடல் எனப்படும். பல நோயாளிகளுக்கு அங்கிருந்துதான் வலிப்பு தொடங்கியது. ஒரு பக்கத்துப் பொட்டு மடலின் ஒரு பகுதியை மட்டுமே பென்ஃபீல்டு அகற்றுவார். மில்னர் இவர்களை அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்து, ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார். இடப்பக்கம் அகற்றப்பட்டவர்கள் படித்துக்காட்டிய கதையையும் சொற்பட்டியலையும் நினைவுகூரத் தடுமாறினர். வலப்பக்கம் அகற்றப்பட்டவர்களுக்கு முகங்களையும் சொல்லில் அடங்காத வடிவங்களையும் நினைவில் வைப்பதே சிரமமாக இருந்தது. இவை சிறு குறைகள்தான். அன்றாட வாழ்வை முடக்குபவை அல்ல.

ஆனால் இரண்டு நோயாளிகளுக்கு நேர்ந்தது சிறு குறை அல்ல. அவர்களில் ‘பி.பி.’ என்ற முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பொறியாளர் ஒருவருக்கு, இடப்பக்கப் பொட்டு மடலில் இரண்டாம் கட்ட அறுவை முடிந்தபின் அன்றாட நிகழ்வுகள் எதுவும் நினைவில் தங்கவில்லை. அறிவுக்கூர்மையில் மாற்றமில்லை, பேச்சிலும் தெளிவு இருந்தது. ஒரு பக்கம் மட்டுமே அகற்றப்பட்ட மற்ற நோயாளிகளுக்கு நேராதது இவருக்கு மட்டும் ஏன் நேர்ந்தது? பென்ஃபீல்டும் மில்னரும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். பொட்டு மடலின் உட்புற ஓரத்தில், கடற்குதிரையைப் போல வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பு இரு பக்கமும் ஒவ்வொன்றாக உள்ளது. பி.பி.யின் வலப்பக்க ஹிப்போகாம்பஸ், யாருக்கும் தெரியாமல், பிறப்பின்போதோ பின்னரோ முன்பே சேதமாகியிருக்க வேண்டும். நல்ல நிலையிலிருந்த இடப்பக்கமும் அகற்றப்பட்டதால் அவருக்கு இரண்டுமே இல்லாமல் போயிருக்க வேண்டும். உயிருடன் இருப்பவரின் மூளையைப் படமெடுத்துப் பார்க்கும் வசதி இல்லாத காலம் அது. பல ஆண்டுகளுக்குப் பின் பி.பி. இறந்து, உடற்கூறு ஆய்வு நடந்தபோது, வலப்பக்க ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது உறுதியானது.

இந்த ஊகம் அன்று எவ்வளவு துணிச்சலானது என்பதை உணர, அக்காலத்தின் பொதுக் கருத்தை அறிந்துகொள்வது நல்லது. எலிகளின் மூளைப்புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) வெவ்வேறு பகுதிகளை வெட்டி எடுத்துப் பார்த்த கார்ல் லாஷ்லி, நினைவுக்கென்று மூளையில் தனி இடம் எதுவும் இல்லை, அது புறணி முழுவதும் பரவிக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்தப் பெரும் கருத்துக்கு எதிரே மில்னர் வைத்தது இரண்டு நோயாளிகளின் தேர்வுத் தாள்களை.

சுருங்கச் சொன்னால், ஒரு பக்கப் பொட்டு மடல் போனால் நினைவில் ஒரு கூறு மட்டும் மங்கும். இரு பக்க ஹிப்போகாம்பஸும் செயலிழந்தால் புதிய நிகழ்வுகளின் நினைவே நின்றுபோகும் என்பது 1955-இல் ஒரு கருதுகோளாக மட்டும் இருந்தது.

ஹென்றி மொலைசன்

இக்கருதுகோளை இருவரும் ஒரு மாநாட்டில் முன்வைத்தபோது, அதன் சுருக்கத்தைப் படித்த வில்லியம் ஸ்கோவில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பென்ஃபீல்டைத் தொடர்புகொண்டார். தம்மிடமும் அப்படி ஒரு நோயாளி இருக்கிறார் என்றார். அவர்தான் அறிவியல் ஏடுகளில் ‘ஹெச்.எம்.’ என்று அழைக்கப்பட்ட ஹென்றி மொலைசன். 1926-இல் பிறந்த அவர் சிறு வயதிலிருந்தே வலிப்பால் அவதியுற்று, 27 வயதில் வேலைக்கே போக முடியாத நிலையில் இருந்தார். எந்த மருந்தும் பயன் தராததால், 1953-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஸ்கோவில் அவருடைய பொட்டு மடல்களின் உட்பகுதியை இரு பக்கமும் அகற்றினார். சோதனை முயற்சியாகச் செய்யப்பட்ட அறுவை அது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. புதிய நினைவும் அதோடு போய்விட்டது. விளைவைக் கண்ட ஸ்கோவிலே இந்த அறுவையை இனி யாரும் செய்யக் கூடாது என்று எச்சரித்தார்.

மில்னர் மாண்ட்ரியலிலிருந்து இரவு ரயிலில் ஹார்ட்ஃபோர்டு சென்று, 1955 ஏப்ரலில் ஹென்றியை முதன்முறையாகச் சோதித்தார். தேதி கேட்டபோது ஹென்றி 1953 மார்ச் என்றார். வயது 27 என்றார். சோதனை அறைக்குள் வருவதற்குச் சற்று முன்புதான் ஒரு மருத்துவருடன் பேசிக்கொண்டிருந்தார். அப்படி யாரும் தன்னிடம் பேசவில்லை என்று மறுத்தார். நுண்ணறிவுத் தேர்விலோ 112 புள்ளிகள், அதாவது சராசரிக்கும் மேல். அறுவைக்குப் பின் குடும்பம் வீடு மாறியது. புதிய முகவரி அவர் மனத்தில் ஏறவே இல்லை. தோட்டத்துப் புல்லை ஒழுங்காக வெட்டுவார், ஆனால் முந்தைய நாள் தானே பயன்படுத்திய புல்வெட்டும் கருவி எங்கே இருக்கிறது என்று அம்மாதான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். படித்த பத்திரிகையையே, முதல் தடவை படிப்பவரைப் போல, மறுபடி மறுபடி படிப்பார்.

ஸ்கோவிலின் வேறு சில நோயாளிகளையும் மில்னர் சோதித்தார். மன நோய்க்காக அறுவை செய்யப்பட்ட அவர்களில், ஹிப்போகாம்பஸ் வரை கத்தி போகாதவர்களுக்கு நினைவு கெடவில்லை. ஹிப்போகாம்பஸ் பெருமளவு அகற்றப்பட்டவர்களுக்கே கெட்டிருந்தது. ஸ்கோவிலும் மில்னரும் இவற்றைத் தொகுத்து 1957-இல் வெளியிட்ட கட்டுரை, நரம்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாக இன்றும் நிற்கிறது. ஹென்றியின் கதை மட்டுமே பேசப்பட்டு, இந்த ஒப்பீடு மறக்கப்பட்டுவிட்டது வருந்தத்தக்கது. ஒரு மனிதரின் கதையைச் சான்றாக மாற்றியது அந்த ஒப்பீடுதான்.

584 என்ற எண்

ஹென்றியால் எதையுமே நினைவில் வைக்க முடியவில்லை என்று எழுதுபவர்கள் தவறு செய்கிறார்கள். ஒரு முறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மில்னர் அவரைத் தனியே விட்டார். ஏறத்தாழ கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது ஹென்றி தயங்காமல் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் இது: 5, 8, 4 மூன்றையும் கூட்டினால் 17, 8-ஐ நினைவில் வைத்துக்கொண்டு 17-இலிருந்து கழித்தால் 9, அந்த 9-ஐ இரண்டாகப் பிரித்தால் 5, 4, ஆக 584. கால் மணி நேரமும் இந்தக் கணக்கை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்பியது. ஓரிரு நிமிடம் கழித்து அந்த எண்ணும் இல்லை, அப்படி ஓர் எண்ணைக் கேட்டார்கள் என்ற நினைவும் இல்லை.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. கவனம் கலையாதவரை செய்தியைப் பிடித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவு ஹென்றியிடம் முழுமையாக இருந்தது. ஆகவே அதற்கு ஹிப்போகாம்பஸ் தேவையில்லை. பிடித்திருந்ததை, கவனம் வேறு பக்கம் போன பிறகும் எடுத்துக்கொள்ளக்கூடியதாக மாற்றும் இடத்தில்தான் அவருக்குப் பாதை அறுந்திருந்தது.

கண்ணாடியில் தெரிந்த நட்சத்திரம்

அடுத்த சோதனை மில்னரையே வியக்கவைத்தது. இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரம். இரு கோடுகளுக்கும் நடுவே வெளியே போகாமல் பென்சிலால் இழுக்க வேண்டும். தாளையும் கையையும் நேரடியாகப் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு; கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். முதல் முறை செய்பவர் எவருக்கும் நட்சத்திரத்தின் முனைகளில் கை தவறான திசையில் ஓடும். பயிற்சியால் மெல்லக் கைவசமாகும். ஹென்றி மூன்று நாள்கள் இதைச் செய்தார். பிழைகள் நாளுக்கு நாள் குறைந்து, மூன்றாம் நாள் கோடு ஏறக்குறையப் பிசிறின்றி ஓடியது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்தே அவர் கை தொடர்ந்தது. அவர் மனத்திலோ இதை முன்பு செய்த நினைவு துளியும் இல்லை. கடைசியில் வரைந்து முடித்துவிட்டு, இது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றாராம்.

1962-இல் வெளியான இந்த முடிவின் பொருள், கை கற்றதை மனம் அறியவில்லை என்பதே. செயல்திறன் நினைவு ஹிப்போகாம்பஸை நம்பியில்லை; மூளையின் அடியாழத்திலுள்ள அடித்தள முடிச்சுகள், பின்புறமுள்ள சிறுமூளை ஆகியவற்றை அது பெரிதும் சார்ந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நம் கோலம் போடும் பெண்ணுக்கு ஹென்றிக்கு நேர்ந்தது நேர்ந்திருந்தால், புதியதொரு சிக்குக் கோலத்தைத் தினமும் போட்டுப் பழகப் பழக அவர் கை தேர்ச்சி பெறும். ‘இந்தக் கோலத்தை நான் போட்டதே இல்லையே’ என்று ஒவ்வொரு காலையும் உண்மையாகவே சொல்லுவார்.

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், ஹென்றியிடம் தற்காலிக நினைவும் செயல்திறன் நினைவும் நின்றன. அறுவைக்கு முன் சேர்ந்த பொது அறிவும் இளமைக்கால நினைவுகளும் பெரும்பாலும் நின்றன. புதிய நிகழ்வுகளும் புதிய செய்திகளும் மட்டும் தங்கவில்லை.

ஹிப்போகாம்பஸ் கிடங்கு அல்ல

ஹென்றிக்குச் சிறுவயது நினைவிருந்தது என்பதே, ஹிப்போகாம்பஸ் நினைவுகளின் கிடங்கு என்ற கருத்தை உடைக்கப் போதுமானது. கிடங்கே அகற்றப்பட்டிருந்தால் பழையவை எப்படி எஞ்சியிருக்கும்? இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் இவ்வாறு செல்கிறது. ஒரு திருமணத்துக்குப் போய்வருகிறோம். பார்த்த முகங்கள், நாதசுர ஒலி, பந்தியின் வாசனை, மண்டபம் இருந்த தெரு எல்லாம் மூளைப்புறணியின் வெவ்வேறு பகுதிகளில் நரம்பணுக்களின் செயல்பாடாகப் பதிகின்றன. சிதறிக் கிடக்கும் இவை அனைத்தும் ஒரே நிகழ்வைச் சேர்ந்தவை என்று இணைக்கும் வேலையை ஹிப்போகாம்பஸ் செய்கிறது. பிறகு ஒரு கூறு தூண்டப்பட்டால், அதன் வழியே மற்றவையும் எழுகின்றன.

இணைப்பு என்றால் என்ன? ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே, செய்தி கைமாறும் நுண்ணிய சந்திப்பு ஒன்று உண்டு, அதுவே நரம்பிணைப்பு. இரண்டு நரம்பணுக்கள் திரும்பத் திரும்ப ஒன்றாக இயங்கினால் அவற்றின் இணைப்பு வலுப்படும் என்று மில்னரின் ஆசிரியர் ஹெப் 1949-இலேயே எழுதியிருந்தார். முயலின் ஹிப்போகாம்பஸில் இணைப்பு அப்படி வலுப்பட்டு நீண்ட நேரம் அதே நிலையில் நிற்பதை டிம் பிளிஸ், டெரியே லோமோ இருவரும் 1973-இல் பதிவுசெய்தனர். ஹிப்போகாம்பஸின் துணையுடன் எழுப்பப்படும் நினைவு, நாளடைவில் புறணிக்குள்ளேயே நேரடி இணைப்புகளைப் பெற்று உறுதிப்படுகிறது. இதை நினைவு உறுதிப்பாடு என்பர். ஹென்றிக்கு அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகளின் நினைவுகள் மங்கியிருந்ததும், அதற்கும் முந்தையவை நின்றதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன. மிகப் பழைய நிகழ்வுகளைக்கூட நுணுக்கமாக நினைவுகூர ஹிப்போகாம்பஸ் எப்போதும் தேவையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

மில்னரின் மாணவி சூசன் கார்க்கின், ஹென்றி 2008-இல் 82 வயதில் இறக்கும்வரை அவரை ஆராய்ந்தார். பல பத்தாண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் மில்னரும் கார்க்கினும் யார் என்று ஹென்றிக்குத் தெரியாது. ஹென்றியின் பெயரும் அவர் இறக்கும்வரை வெளியிடப்படவில்லை. அவருடைய மூளை 2009-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாக்கப்பட்டது. ஸ்கோவில் மதிப்பிட்டதைவிடக் குறைவான பகுதியே அகற்றப்பட்டிருந்ததும், ஹிப்போகாம்பஸின் பின்பகுதி ஓரளவு எஞ்சியிருந்ததும், ஹிப்போகாம்பஸுக்குச் செய்தி செல்லும் வழியான அண்டைப் பகுதி பெரிதும் போய்விட்டிருந்ததும் படங்களாலும் சீவல்களாலும் தெரியவந்தன. எனவே அவருடைய இழப்பை ஹிப்போகாம்பஸ் ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது. உள்பொட்டு மடல் அமைப்பு முழுவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மில்னரின் பிற ஆய்வுகள்

ஹென்றியோடு மில்னரின் வாழ்க்கைப் பணியை நிறுத்திவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி. 1963-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நெற்றிக்குப் பின்னே உள்ள முன்மடலைப் பற்றியது. நோயாளி ஓர் அட்டையை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு வகைப்படுத்த வேண்டும். எது விதி என்று சொல்லப்படாது, ‘சரி’, ‘தவறு’ என்ற பதிலைக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சில முறை சரியாகச் செய்ததும் அறிவிப்பின்றி விதி மாறும். முன்மடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் ‘தவறு’ என்று கேட்டும் பழைய விதியையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர், தாங்கள் செய்வது தவறு என்று வாயால் சொல்லிக்கொண்டே அதையே செய்தார்கள். அறிவதும் அறிந்தபடி நடப்பதும் மூளைக்கு இரு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது.

மொழி குறித்த ஆய்வு மற்றொரு தவறான எண்ணத்தைத் திருத்துகிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு மொழி வலப்பக்க மூளையில் இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் சில நிமிடங்கள் மயக்கத்தில் ஆழ்த்திப் பார்க்கும் சோதனையை அறுவை நோயாளிகளுக்குச் செய்து, மில்னரும் தியோடர் ராஸ்முசனும் 1977-இல் அறிவித்தபடி, வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 96 விழுக்காட்டினருக்கு மொழி இடப்பக்கம் இருந்தது. மற்றவர்களிலும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு அது இடப்பக்கமே இருந்தது. குழந்தைப் பருவத்தில் இடப்பக்கம் சேதமடைந்தவர்களுக்கு மொழி வலப்பக்கம் இடம்பெயரக்கூடும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

தம் துறையின் உயரிய விருதுகள் பலவும் அவரைத் தேடி வந்தன. 2014-இல் நரம்பறிவியலுக்கான காவ்லி பரிசை ஜான் ஓகீஃப், மார்கஸ் ரெய்க்லி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டபோது மில்னருக்கு வயது 95. எலியின் ஹிப்போகாம்பஸில், குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் இயங்கும் நரம்பணுக்களைக் கண்டறிந்த ஓகீஃப், மெக்கில் உளவியல் துறையில் படித்தவர் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது.

வீட்டிலும் மருத்துவமனையிலும்

இவையெல்லாம் ஆய்வுக்கூட விஷயங்கள் என்று ஒதுக்க முடியாததற்கு முக்கியக் காரணம் முதியோர் மறதி. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும் முதலில் தாக்குகிறது. ஆகவே, காலையில் சாப்பிட்டதை மறந்து ‘எனக்கு இன்னும் சோறு போடவில்லை’ என்று குறைபட்டுக்கொள்ளும் பாட்டியால், ஐம்பது ஆண்டுக்கு முன் தன் திருமணத்துக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி அடுக்க முடிகிறது. பூத்தொடுக்கக் கொடுத்தால் விரல்கள் தடுமாறுவதில்லை. ‘வேண்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, மற்றதற்கு நடிக்கிறார்’ என்று வீட்டார் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவர் நடிக்கவில்லை. புதிய நிகழ்வுகளின் நினைவு நலிந்திருக்கிறது, பழைய நினைவுகளும் செயல்திறன் நினைவும் இன்னும் நிற்கின்றன, அவ்வளவே. முதுமையில் வரும் எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைவும் மனச்சோர்வும்கூட மறதியை உண்டாக்கும், அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. அதனால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அங்கே நடக்கும் எளிய சோதனை ஒன்றை இப்போது வாசகரே விளங்கிக்கொள்ளலாம். மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி உடனே திருப்பிச் சொல்லச் சொல்வார். அது தற்காலிக நினைவைப் பார்ப்பது. அடுத்து, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார். இந்தக் கணக்கு, கவனத்தைச் சோதிப்பதோடு, அந்தச் சொற்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கவும் விடாது. ஹென்றி 584-ஐக் கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்த வழி இப்படி அடைக்கப்பட்டுவிடுகிறது. சில நிமிடம் கழித்து மருத்துவர் அதே மூன்று சொற்களை மறுபடியும் கேட்பார். அப்போது வரும் பதில்தான் ஹிப்போகாம்பஸின் நிலையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது.